முளைப்புத்திறன்

தரமணியில் எனக்கு வேலை
ஈரத்தாளில் நூறு விதை பரப்பி
ஏழாம் நாள் எண்ணுவது.
தொண்ணூறு எழுந்தால் பச்சை மசி.
எண்பதுக்குக் கீழே சிவப்பு.
இடையில் தயங்குபவற்றுக்குப் பென்சில்.

குளிரறை மைனஸ் இருபது.
வெளியே மே மாதத் தார்
செருப்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.
உள்ளே வெள்ளித்தாள் உறைகளில்
கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை.
பெயருக்குக் கீழே ஊர், ஊருக்குக் கீழே தேதி.
தந்தவர் என்ற இடத்தில்
பல உறைகளில்
‘விவசாயி’ என்று மட்டும்.

கரண்ட் போனால்
ஜெனரேட்டர் உறுமும்வரை நான் மூச்சு விடுவதில்லை.
காவலாளி எபனேசருக்குச் சிரிப்பு:
நகைக்கடையில் வேலை பார்த்தப்பகூட
இப்படி யாரும் பயந்து பாக்கல சார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாராயி வந்தார்.
கொல்லிமலையில் பஸ் ஏறி, நாமக்கல்லில் மாறி,
கிளாம்பாக்கத்தில் விடிந்து,
வழி கேட்டுக் கேட்டு
ஐ.டி. கம்பெனிக்காரர்கள் காட்டிய
மூன்று தவறான வாசல்களையும் பார்த்துவிட்டு.

கையில் ரசீது.
பன்னிரண்டு வருடம் மடித்த மடிப்பில்
எழுத்து தேய்ந்திருந்தது.
கட்டவெட்டிச் சாமை, நாற்பது கிராம்.

‘அப்பக் குடுத்தேன். இப்ப வேணுங்க.’

அஞ்சு வருசம் மரவள்ளி போட்டாராம்.
முதல் இரண்டு வருசம் கிழங்கு
மகனின் கல்லூரிக்குப் பணம் கட்டியது.
பிறகு மாவுப்பூச்சி. பிறகு விலை.
ஊரில் கேட்டால்
சாமை வித்து ஒருவரிடமும் இல்லை.

படிவத்தில் ‘நோக்கம்’ என்றொரு கட்டம்.
என்ன எழுதட்டும் என்றேன்.
என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
‘வெதைக்கன்னு எழுதுங்க.’

பாதிதான் தர விதி உண்டு.
இருபது கிராம்;
ஏறக்குறைய பத்தாயிரம் விதை
ஒரு தபால் உறையின் மூலைகூட நிரம்பவில்லை.
முந்தானையில் முடியாமல்
கைப்பேசி உறைக்குள்
ஆதார் அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

மதியம் கேன்டீனில் சாப்பிட்டார்.
பாலிஷ் போட்ட பொன்னி, சாம்பார், அப்பளம்.
எதுவும் சொல்லவில்லை.
ரசம் மட்டும் இரண்டாம் முறை கேட்டார்.
நான்தான் தட்டைப் பார்த்தேன்.
இத்தனை வருடம்
அதே தட்டில் தின்றுவிட்டு
மாடியேறிப் போய்
சாமையை எண்ணியிருக்கிறேன்.

கை கழுவும்போது கேட்டார்:
‘வெதைய நீங்க பத்திரமா வெச்சுக்கறீங்க.
வெளையறத யாரு வாங்குவா?
கெழங்குக்கு லாரி காட்டுக்கே வருது.
சாமைக்கு எது வருது?’

எனக்குத் தெரிந்ததெல்லாம் சதவீதம்.

கேன்டீன் தங்கப்பழத்திடம் பேசினேன்.
புதன்கிழமை மட்டும், ஒரு பெரிய குண்டான்.
‘கிலோ என்ன விலை?’
சொன்னேன்.
கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.
ஒரு வாரம் கழித்து
தயிர்ச்சாதத்துக்கு மட்டும் என்று இறங்கிவந்தார்.
பெருங்குடி குடியிருப்புக் குழுவில் போட்டேன்.
நாலு கட்டைவிரல்.
கல் இருக்குமா என்று ஒருவர்.
சர்க்கரை குறையுமா என்று ஒருவர்.
எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

ஆடி கடைசியில் போன் வந்தது.
பின்னால் மழை.

முளைச்சிருச்சுங்க.

நூற்றுக்கு எத்தனை என்றேன், பழக்கதோஷம்.

‘யாரு எண்ணுனா?
குருவிக்குப் போக இருக்குது.
இந்த வருசம் வெளையறது வெதைக்கே சரியாப்போகும்.
அடுத்த வருசம் மூணு மூட்டை வரும்.
வாங்கறது யாருன்னு
இப்பவே சொல்லிப்போடுங்க.
இல்லீன்னா பாதிக் காட்டுல
மறுபடி கெழங்குதான்.’

தங்கப்பழத்தின் ஒப்பந்தம்
வரும் மார்ச்சோடு முடிகிறது.
குளிரறைக் கதவு சாத்தியிருக்கிறது, மைனஸ் இருபது,
எல்லாம் பத்திரம்.
போனில் இன்னும் மழைச் சத்தம்.
அவர் காத்திருக்கிறார்.