கிராமத்துப் பெண் - 4

பனிச்சப்பாத்தை வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள்,
சரசரக்கும் என்று ஜாக்கெட்டையும்.
மொன்றியல், மைல் எண்டில்
பழைய தையல் ஆலை ஒன்றின் மூன்றாம் மாடி.
பஞ்சடைத்த அறையில் காலுறையோடு நின்று
இன்றைக்கு நாற்பத்திரண்டு தடவை
நான் சாகவேண்டும்.

எரிந்து சாவது நீளம்.
அம்பு பட்டால் அரை எழுத்து.
கிணற்றில் விழுவதற்கு வெறுமனே கத்தினால் போதும்,
ஆழத்தை அவர்கள் பிறகு சேர்ப்பார்கள்.
இடையிடையே பச்சை ஆப்பிள் ஒரு கடி:
நாக்கு ஒட்டுகிற சத்தம்
மைக்குக்குப் பிடிக்காது.

கண்ணாடிக்கு அப்பால் இருக்கிற எத்தியென் நல்லவன்.
"இன்னும் கொஞ்சம் அழகாகச் சாகலாமா" என்றான் ஒருமுறை.
கேட்டுவிட்டு அவனே காது சிவந்தான்.
வீரனுக்கு முந்நூறு பக்க வசனம்.
எனக்கு மணிக்கணக்கில் சம்பளம்,
சாவுக்கணக்கில் இல்லை.

நாலு மணி. தொண்டையில் மணல்.
"கடைசி ஒன்று. ஊர் எரிகிறது, ஓடுகிறாய்.
உன் மொழியில் ஏதாவது கத்து.
என்னவென்றாலும் சரி,
யாருக்கும் விளங்காது."

ஊர் எரியும்போது என்ன கத்துவார்கள் என்று
அம்மாவுக்குத் தெரியும்.
எனக்கும் கொஞ்சம் தெரியும்,
அவளுடைய நித்திரையிலிருந்து.
அதை இந்த மைக்குக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்:
"ஐயோ, ஹீட்டர் வேலை செய்யேல்லை!
ரெண்டு கிழமையா அவன் போன் எடுக்கிறானில்லை!"

எத்தியென் ஹெட்போனைக் கழற்றினான்.
கண் கலங்கியிருந்தது.
இரண்டாவது தடவை கேட்கவேயில்லை.

அடுத்த வருசம் மார்ச்.
கோத் தெ நேஜ் வழியே நூற்று அறுபத்தைந்தாம் பஸ்.
எனக்கு முன் சீற்றில் இரண்டு பள்ளிக்கூடப் பெட்டைகள்,
ஒரே திரைக்கு மேல் இரண்டு தலை.
குதிரைக் குளம்பு, தீ, வாள்,
பிறகு நான்:
ஹீட்டர் வேலை செய்யேல்லை.

நிமிர்ந்தாள் ஒருத்தி.
"என்னடி சொன்னவ?"
திரும்பப் போட்டார்கள். திரும்பச் செத்தேன்.
மூன்றாம் தரம் சிரித்துச் சிரித்து
அவளுக்கு விக்கல் எடுத்தது.
"உண்மையாவடி, எங்கட ஆள்!"

அரசனுடைய ஓலையை எடுத்துக்கொண்டு
விடிவதற்குள் எல்லையைக் கடக்கவேண்டிய வீரன் அவன்.
குதிரையால் இறக்கினார்கள்.
எரிகிற வீட்டுக்குள் அனுப்பினார்கள்.
மூலை மூலையாகத் தேடவிட்டார்கள்.

"இல்லையடி, இஞ்ச அடுப்பு மட்டும்தான் இருக்கு."
"வடிவாப் பார். பாவம், அவவுக்குக் குளிருது."