பத்து மாத்திரை அட்டை

தொண்ணூறு மில்லி வேண்டும் என்றார்கள்.
எடை குறைக்க இரண்டு நாளாய்
எச்சிலைக்கூடத் துப்பிக்கொண்டிருந்தவள் நான்.
ஐம்பத்தைந்து கிலோ, பெண்கள் பிரிவு, வெண்கலம்.
உடம்பு பாலாறு மாதிரி.
பேரில்தான் ஆறு.

அந்த அம்மாள் கதவைச் சாத்தவிடவில்லை.
எதிரில் நின்று பார்க்க வேண்டுமாம், அது விதி.
நாலு பாட்டில் தண்ணீர், இரண்டு மணி நேரம்.
குழாயைத் திறந்துவிட்டுக்கூடப் பார்த்தாள், பாவம்.
கடைசியில் வந்தது.
மூடியை நானே திருகி
நானே கையெழுத்துப் போட்டேன்:
கு. தமயந்தி, சத்துவாச்சாரி.
சமீபத்தில் சாப்பிட்ட மருந்துகள் என்ற கட்டத்தில்
சளி மாத்திரை என்று எழுதினேன்.

கடிதம் இங்கிலீஷில் வந்தது.
முதல் தடவை என் பேர் மட்டும் புரிந்தது.
இரண்டாம் தடவை ஓர் எண்.
நூற்றைம்பது வரை சளி,
அதற்கு மேலே போனால் குற்றம்.
எனக்கு நூற்று அறுபத்தெட்டு.
இரண்டு வருஷம்.

அட்டையில் மொத்தம் பத்து.
நாலு எனக்கு.
மூன்று என் தம்பி யோகபாலனுக்கு.
அதே வீடு, அதே சளி.
காட்பாடி மைதானத்தில் ராத்திரி விளக்கு லீக்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாலு விக்கெட் எடுத்தான்.
ஆட்ட நாயகனுக்கு மிக்சி.
மூன்று ஜார்.
இரண்டு அம்மாவுக்கு.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி,
ராத்திரி முழுக்கத் தூக்கமே வரவில்லை என்றாள்,
அன்றைக்கு அதிகம் தைத்ததும் அவள்தான்.
சூப்பர்வைசர் எல்லோரையும் கைதட்டச் சொன்னாராம்.

ஆம்பூர் இம்தியாஸ் அண்ணன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அவர் மிஸ்டர் வட ஆற்காடு.
மாவட்டம் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு,
பட்டம் மட்டும் வருஷா வருஷம் கொடுக்கிறார்கள்.
"இன்னாம்மா, சளி மாத்திரைக்கா?"
பிரிட்ஜைத் திறந்து காட்டினார்.
தயிருக்குப் பக்கத்தில் குதிரைப் படம் போட்ட ஊசி மருந்து.
"நீ தூக்குறே. நான் தூக்குன மாதிரி தெரியுறேன்.
தெரியுறதுக்கு எவன் டெஸ்ட் எடுப்பான்?"
சிரித்தார். அப்புறம் பிரிட்ஜை மூடவே மறந்து
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

தை மாசம், அணைக்கட்டுப் பக்கம் காளை விடும் விழா.
மாமாவின் காளை வாயைப் பிளந்து
கால்நடை டாக்டர் முகர்ந்து பார்த்தார்.
சாராய நாற்றம்.
"இன்னிக்கு விடாதே, ஓட்டிக்கினு போ."
இன்னிக்கு.
மினி லாரியில் அது நிம்மதியாய் அசை போட்டபடி
ஊர் திரும்பியது.
ஒரு மாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்,
வெளியில் சொல்லக் கூச்சம்.

விசாரணை செல்போனில் நடந்தது.
நெட் விட்டு விட்டு வந்தது.
சளிதான் சார், சளிதான் சார் என்றேன்.
ஒன்றை மட்டும் சொல்லவில்லை.
மூன்று மாத்திரைதான் சளிக்கு.
நாலாவது,
மேடை ஏற ஒரு மணி நேரம் இருக்கையில்.
மூக்கு அப்போது காய்ந்திருந்தது.
நெஞ்சு கொஞ்சம் படபடவென்று ஓடும் என்று
யாரோ சொல்லக் கேட்டிருந்தேன்.
ஓடியது.
பார் லேசாகத்தான் இருந்தது,
இல்லை, லேசு என்று நினைத்தேனோ,
இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.
கடிதம் தப்பு என்று தெருவெல்லாம் சொல்கிறது.
நானும் தலையாட்டுகிறேன்.

சங்கத்து ஜிம்முக்குள் போகக் கூடாது.
காலி சிலிண்டரை மொட்டை மாடியில்
தூக்கி இறக்குகிறேன், மூன்று தடவை எட்டு.
கீழே தம்பியின் பரிசில் அம்மா சட்னி அரைக்கிறாள்,
தெருமுனை வரை கேட்கும்.

அட்டையில் இன்னும் ஒன்று மிச்சம்.
மிக்சி வந்த பெட்டியில் கிடந்தது.
காலாவதி தேதி பார்த்தேன்:
என் தடை முடிய ஒரு மாசம் முன்னால்.
தூக்கிப் போட எழுந்தேன்.
அம்மா கேட்டாள், "சளியா?"