இருபத்து நான்கு வரி

இரும்பை எடைக்குப் போட்டாகிவிட்டது.
பட்டர்வொர்த்துக்கு இரண்டு லாரி போயிற்றாம்.
மிஞ்சியது நாற்பது ரிங்கிட் டிரைவ் ஒன்றில்
என் கைப்பையில்,
குடைக்கும் பனடோலுக்கும் நடுவில்.

ஜெலுத்தோங்கில் பத்தாம் மாடி.
லிப்ட் ஒன்பதோடு நின்றுவிடும்.
மீதி மாடியை
ஒரு சங்கத்தின் முப்பதாண்டுக் கணக்கோடு ஏறினேன்.

வெள்ளிக்கிழமைக்குள் திறக்கவேண்டும் என்றார் மிஸ்டர் ஊய்.
சேமித்தவர் பட்டியல், அவ்வளவுதான்.
விலையை மட்டும் இரண்டு முறை பேசினார்.

மெய்நிகர் இயந்திரம் எழுந்ததும் முதல் கேள்வி:
கடிகாரத்தை மாற்றவா?
தான் செத்துப்போனது அதற்குத் தெரியாது.
வேண்டாம் என்றேன்.
அதன் பிறகு பேச்சில்லை.
பேச அதற்கொரு முனையம் வேண்டும்.

முன்பு அது இரண்டு பேர் தூக்கும் கனம்.
விசைகள் ஆணி அடிப்பதுபோல் சத்தம் போடும்.
இப்போது ஒரு சன்னல்; மூலையில், மூடுவதற்குப் பெருக்கல் குறி.
இருபத்து நான்கு வரி, வரிக்கு எண்பது எழுத்து,
அதற்கு மேல் தெரியாததுபோல்
என் மடிக்கணினிக்கு நடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன்.
ரீசெட் எந்த விசையிலும் இல்லை,
இடது கண்ட்ரோலில் கட்டிவைத்தேன்.
3270-ஐத் தட்டினேன். மறுத்தது.
0700 என்றேன். இல்லை.
அது 0009-ல் உட்கார்ந்திருந்தது,
கல்யாண மண்டபத்தில் தப்பான பந்தியில் அமர்ந்து
இலைக்குக் காத்திருப்பவர் மாதிரி.

கோப்பி ஓ ஆறிவிட்டது.
கறுப்பு.
இன்னும் கறுப்பு.
பிறகு பச்சை.

கடவுச்சொல் ஒரு மஞ்சள் காகிதத்தில் இருந்தது,
நோர்ஹயாத்தி என்று யாரோ ஒருத்தியின் கையெழுத்தில்:
ஒரு பூனையின் பெயர் போல, பின்னால் 88.
தட்டுவது திரையில் தெரியாது.
எண்டர் போடும்வரை
இயந்திரத்துக்கும் தெரியாது.

பெயர்க் கட்டம் இருபது எழுத்து.
எவரோ ஒரு மத்தியானம் போதும் என்று நினைத்திருக்கிறார்.
குணேஸ்வரி ஏ/பி பழனி.
அஞ்சலாட்சி ஏ/பி சின்ன.
பழனியப்பனும் சின்னத்தம்பியும்
வெட்டுப்பட்ட இடத்தில் அழகாகவே நிற்கிறார்கள்.
விஜயலெட்சுமிக்கு மிச்சம் ஒற்றை எழுத்து: கே.
திரிபுரசுந்தரி ஏ/பி.
அதோடு சரி.
மகள். யாருக்கென்று எழுத இடமில்லை.

என் வங்கி அட்டையிலும் அப்பா பாதியில்தான் நிற்கிறார்;
அவர் கோபித்துக்கொண்டதில்லை.

சும்மாதான், கர்சரைக் கொண்டுபோய்
அந்த ஏ/பிக்குப் பக்கத்தில் வைத்து
ஒரு எழுத்துத் தட்டினேன்.
பூட்டிக்கொண்டது.
அடிவரியில் ஒரு குட்டி மனிதன்,
இரண்டு பக்கமும் அம்புக்குறி:
இது எழுதும் இடமில்லை, வேறெங்காவது போ.
எத்தனை கவுண்டரில் பார்த்த முகம்!

இடது கண்ட்ரோல். விட்டது.

வலது மூலையில் ‘மேலும்’ என்று காட்டுகிறது.
தொடாமல் இருந்தால் ஒரு நிமிடத்தில்
தானே துடைத்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடும்.
எண்டர் தட்டினால் நிற்கும்.

தட்டினேன்.
மூலையில் சொல் மாறியது.
தமிழில் அதற்கு
‘பிடித்திருக்கிறது’ என்றுதான் எனக்கு வந்தது.

ஆச்சா, என்று கேட்டு ஊயிடமிருந்து மெசேஜ்.
கீழே, ஒன்பதில், லிப்ட் வந்து நிற்கும் சத்தம்.
இன்னும் பதில் போடவில்லை.