பசை

இர்குட்ஸ்க், டிசம்பர்.
சன்னலுக்கு அந்தப் பக்கம் மைனஸ் முப்பத்தொன்று.
டிராம் கம்பியில் உறைபனி, உரசும்போதெல்லாம் பச்சைப் பொறி.
இந்தப் பக்கம், மேசைமேல்,
நூற்றைந்தைத் தொட்டு
அணைந்துபோகிறது ஒரு கிராபிக்ஸ் கார்டு.

"புதுசு மாதிரி என்றுதான் விற்றார்கள்.
யாரோ ஒரு பெண் வைத்திருந்தாளாம்,
ஞாயிற்றுக்கிழமை மட்டும்
விளையாடுவாளாம்,"
என்கிறான் எர்தெம். கல்லூரிப் பையன்,
கையுறையை இன்னும் கழற்றவில்லை.

செசெக்மா சிரிக்கவில்லை.
திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே
காந்தத் தட்டில் வைக்கிறாள்.
ஹீட்சிங்க் விட மறுக்கிறது.
ஹேர் டிரையரை இரண்டு நிமிடம் காட்டி
இடமும் வலமுமாக மெல்ல அசைக்கிறாள்.
இழுக்கக் கூடாது.
அதுவாக மனம் மாற வேண்டும்.

திறந்தால்:
நடுவில் வழுக்கை, ஓரத்தில் குவியல்,
சுண்ணாம்பாய் உதிர்கிற சாம்பல் நிறம்.
பேடுகள் எண்ணெய் கக்கியிருந்தன.
ஞாயிற்றுக்கிழமை மட்டுமா?
வாரத்துக்கு ஏழு ஞாயிறு
காய்ந்த உடம்பு இது.

பிறகுதான் பார்க்கிறாள்.
மெமரிச் சில்லின் மேல், கெட்டித்துப்போன பேடில்
ஒரு கட்டைவிரல் ரேகை,
குறுக்கே சாய்வாக ஒரு கோடு.
தன் விரலைத் திருப்பிப் பார்க்கிறாள்.
ஹீட்சிங்க் தகடு கிழித்த தழும்பு
அங்கேயேதான் இருக்கிறது.

மூன்று குளிர்காலத்துக்கு முன், கொழுந்தன் ஜர்காலின் கராஜ்.
ஒரே ராத்திரி, நாற்பது கார்டு.
இரண்டு மில்லிமீட்டர் பேடு கேட்டாள்,
ஒன்றுதான் வாங்கியிருந்தான்.
"ஓடினால் போதும் அண்ணி."
எட்டாத பேடை எட்டவைக்க
கட்டைவிரலால் அழுத்தினாள்.
எட்டாது என்று தெரிந்தே அழுத்தினாள்.
அவன் நாணயம் தோண்டிப் பசையுள்ள ஆளானான்.
அவள் பங்கைப் பற்றிய பேச்சில் மட்டும்
ஈரப்பசை இல்லை.

துடைக்கிறாள். ஆல்கஹால், காபி வடிதாள்.
சிலிக்கான் கண்ணாடியாகிறது,
செம்பு விடிகிறது.
இரண்டும் மழமழவென்றுதான் இருக்கும்;
மழமழப்பு என்பது கண்ணின் சோம்பல்.
உள்ளுக்குள் மேடு, பள்ளம்.
பள்ளமெல்லாம் காற்று குந்தியிருக்கும்,
வேலை செய்யாது, வழியும் விடாது.
பசை பூசுவது ஒட்டுவதற்கல்ல,
அதைக் கிளப்பிவிட.

இழுப்பறையில் மூன்று ஊசிகள்.
திரவ உலோகம்: அழகு, அலுமினியத்தைத் தின்னும்,
சிந்தினால் பலகையே போகும்.
வேண்டாம்.
நீர்த்த பசை முதல் மாதம் புகழ் வாங்கித் தரும்,
சூடும் குளிரும் மாறி மாறி வர
கொஞ்சம் கொஞ்சமாக நழுவி ஓரம் ஒதுங்கும்.
வேண்டாம்.
மூன்றாவது கெட்டி, பிடிவாதக்காரப் பசை.
அதை எடுத்து
அக்குளில் வைத்து இளக்குகிறாள்.

"நடுவில் உளுந்தளவு வைத்தால் போதாதா?"
"அது மூடி போட்ட பிராசஸருக்கு.
இது அம்மணச் சில்.
ஒரு மூலை விட்டால் அந்த மூலை வேகும்.
கூடினால் வழியும், துடைக்கலாம்.
குறைந்தால்தான் குற்றம்."

பேடுகளை அளவுகோல் வைத்து அறுக்கிறாள். இரண்டு மில்லிமீட்டர்.
திருகாணிகள் குறுக்குக் குறுக்காக,
ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று,
எந்தப் பக்கத்துக்கும் முதல் மரியாதை இல்லாமல்.

"இதற்கு முன்னால் இதைப் பூசியது நான்தான்."
சொல்லிவிட்டாள். வாய் உலர்ந்துபோயிற்று.

பையன் கண் விரிகிறது:
"அப்படியானால்
அந்த ஞாயிற்றுக்கிழமைப் பெண் நீங்கள்தானா?"

இப்போது சிரித்தாள்,
ஊசியைக் கீழே வைத்துவிட்டு, இருமல் வரும்வரை.
பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.
அவன் ஒன்றும் பேசவில்லை.
திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது.
அறுபத்தொன்று, அறுபத்தாறு,
அறுபத்தெட்டு.
அங்கேயே நின்றது.

பணம் வாங்கவில்லை. பேடுக்கு மட்டும் வாங்கினாள்.
கோட்டுக்குள் கார்டைச் செருகிக்கொண்டு
அவன் கதவைத் திறந்தபோது சொன்னாள்:
"வீடு போனதும் மாட்டாதே.
குளிரிலிருந்து வந்தது வியர்க்கும்.
இரண்டு மணி நேரம்
சும்மா கிடக்கட்டும்."