தனிச் சம்பவம்

மண்முனைப் பாலம் கடந்து
முதலைக்குடாப் பக்கம் கிறுகும்போதுதான்
முதன்முதலாகக் கழன்றது மூன்றாவது கியர்.
டக் என்று ஒரு சத்தம்.
பிறகு எஞ்சின் மட்டும் கத்திக்கொண்டு போனது,
நான் போகவில்லை.

பின்னால் கட்டியிருந்த நைதரசன் குடுவைக்குள்
நான் கண்டேயிராத ஒரு காளை
நாற்பது குழல்களில் உறைந்து கிடந்தது.
அங்கால் ஒரு பசு விடியக் கத்தத் தொடங்கியதாம்.
பின்னேரத்துக்குள் ஊசி போடாவிட்டால்
இனி இருபத்தொரு நாள்.
தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.
பசு அடங்கி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

எழுவான்கரையில் வாங்கினது
படுவான்கரையில் படுத்திட்டு என்று
சனம் சிரித்தது. சிரிக்கட்டும்.
பதினொரு மாதம், பதினாறாயிரம் கிலோமீற்றர்,
லீசிங் இன்னும் இருபத்தைந்து தவணை.

மட்டக்களப்பு ஷோரூமில் குளிர் அடித்தது.
வாங்கப் போன அன்று மில்க் ரொபி தந்த பிள்ளை
இன்று சேர்விஸ் புத்தகத்தை
ஒற்றை விரலால் புரட்டினாள்.
நாலாவது சேர்விஸ் முத்திரை எங்கே?
பளீலின் கராஜில் செய்தேன், வெள்ளக் கிழமை,
உங்கள் வாசலிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றதே.
அப்படியென்றால் வாறண்டி கஷ்டம், அண்ணா.

கொழும்புக்கு அடித்தேன்.
தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது.
அழுத்தினேன், ஒரு வயலின் வந்தது.
அதற்கு மொழி தேவையில்லை.
பதினேழு நிமிடம் வாசித்த பிறகு
ஒரு மனுசன் வந்தார், நல்ல மனுசன்,
பாதித் தமிழில் ஆறுதலாகச் சொன்னார்:
சேர், இது தனிச் சம்பவம்.
வேற யாரும் சொல்ல இல்லை.

தனிச் சம்பவம்.
வீடு வரும்வரை அந்தச் சொல்லை
வாயில் வைத்துக்கொண்டே வந்தேன்.
என் கால்தான் பிழையோ?
கிளச்சைப் பாதியில் விட்டேனோ?
இதை வரைந்தவன்
படுவான்கரைக் கிறவல் றோட்டை
ஒருநாளும் காணாதவனோ?

காத்தான்குடியில் பளீல் எஞ்சினைப் பிளந்தார்.
கறுத்த ஒயிலுக்குள் கைவிட்டு
மூன்றாம் கியரை எடுத்து
மண்ணெண்ணெயில் கழுவி
என் உள்ளங்கையில் வைத்தார்.
பல் பார்த்து வயது சொல்லுகிறவன் நான்.
கன்று என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்,
இது கிழட்டுப் பல்,
கடிக்கிற மூலை எல்லாம் உருண்டு மழுங்கி.

மறுகா இதையும் பாருங்க என்று
பழைய பால்மா டின் ஒன்றைக் கவிழ்த்தார்.
மூன்று கியர். மூன்றும் மூன்றாவது.
ஒன்று ஏறாவூர் மீன்யாவாரி றனீஸுடையது.
ஒன்று களுவாஞ்சிகுடியில்
பாண் கொண்டு திரியும் அமலதாஸுடையது.
மற்றது மருத்துவிச்சி கோகுலவதியுடையது,
அவ போன மாதம்
ஒரு பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திப் போனவ.
அதே இடம். அதே மழுங்கல்.

திங்கட்கிழமை
நாலு தனிச் சம்பவங்களும்
ஷோரூமில் ஒரே வாங்கில் இருந்தோம்.
றனீஸில் சூரை மணத்தது.
கோகுலவதி மிஸ் சீருடையோடேயே வந்திருந்தா.
ஒருவரும் சத்தம் போடவில்லை.
அமலதாஸ் டின்னைக் கவிழ்த்தான்,
கண்ணாடி மேசைதான் சத்தம் போட்டது.

மனேஜர் போனை எடுத்தார்.
நாலும் அடங்க ஒரு படம் எடுத்தார்.
பிறகு அதை அழித்துவிட்டு,
தனித்தனியாகத்தான் அனுப்பச் சொல்வார்கள் என்று
நாலு படம் எடுத்தார்.

போன கிழமை கடிதம் வந்தது.
நல்லெண்ண அடிப்படையில், பாதி விலைக்கு,
தொண்ணூறு வேலைநாளில் பாகம் வரும்.
கூட்டிப் பார்த்தேன்.
பசுக் கணக்கில் ஆறு தரம்.

அதுவரைக்கும்
மூன்றில் கால் தரிக்கவிடாமல்
இரண்டிலிருந்து நாலுக்கு மிதிக்கிறேன்.
பைக் ஒருக்கால் குலுங்கி,
யோசித்து,
பிறகு போகிறது.

இன்றைக்கும் எங்கோ ஒன்று கத்துகிறதாம்.
பாலத்தில் என்னை முந்திக்கொண்டு
கோகுலவதி மிஸ் போகிறா.
அவவும் இரண்டிலிருந்து நாலுக்குத்தான்,
சத்தத்தில் தெரிகிறது.