எண்பத்து மூன்று தடி

கைதடிக் கரையிலிருந்து கோப்பாய்க் கோட்டை
பகலில் கை நீட்டும் தூரம்.
இரவில், சேற்றில், எண்பத்து மூன்று தடி.

நான்தான் நட்டேன். கண்டல் தடி, இடுப்பு உயரம்.
இறாலுக்குக் களங்கட்டி போடுகிறவனுக்குத்தான்
உப்பாறு எந்த இடத்தில் முழங்கால்,
எந்த இடத்தில் ஆளை விழுங்கும் என்று தெரியும்.
அதற்காகக் கூப்பிட்டார்கள்.
வேறெதற்கும் என் குடியை அரண்மனை கூப்பிட்டதில்லை.

மூத்தாள் மகன் கோட்டைக்குள்.
இளையாள் மகன் வெளியே, சுற்றிவர.
அறுபத்தெட்டு நாள்.
இரண்டு பேர் கொடியிலும் அதே நந்தி,
அதே சங்கு, அதே கந்தன்.
"இருட்டில் யாரை வெட்டுவது?" என்று ஒருவன் கேட்டான்.
தலைவர் இருமரபர் தாடியைச் சொறிந்தார்.
வலது கையில் குருத்தோலை கட்டச் சொன்னார்.
ஓலை இல்லாத கையெல்லாம் பகை.

முந்நூறு பேர். மாசி அமாவாசை.
குதிரைகளைக் கரையில் விட்டோம், அவை சேற்றை நம்பவில்லை.
தடிக்குத் தடி கை வைத்து நடந்தார்கள்.
ஒருவனுக்குத் தும்மல் வந்தது. பின்னால் வந்தவன்
தன் தலைப்பாகையை அவன் வாயில் அடைத்தான்.
நாற்பதாம் தடியருகே ஒரு திருக்கை
என் கெண்டைக்காலை உரசிப் போயிற்று.
எந்தத் தாயின் மகன் ஆண்டாலும்
அது அந்த வழியால்தான் போகும்.

அக்கரையில் நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்வார்கள்.
நான் கண்டது நித்திரையால் எழும்பியவர்களை.
ஒருவன் வேலைத் தேடவில்லை, வேட்டியைத் தேடினான்.
ஈரத்தில் குருத்தோலைகள் அவிழ்ந்து விழுந்தன.
எங்கள் ஆள் எங்கள் ஆளை வெட்டினான்.
வெட்டுப்பட்டவன் சாயும்போது ஊர்ப் பெயரைச் சொன்னான்:
மட்டுவில்.
வெட்டியவனும் மட்டுவில்தான்.

பிறகு வாசலில் நின்று கத்தினோம்,
"வந்துவிட்டோம், திறவுங்கோ!"
கதவு அசையவில்லை.
முருகைக்கல் மதிலுக்கு மேலே ஒரு பெண்குரல்:
"இதையேதான் அவங்களும் கத்துறாங்கள், ஒவ்வொரு நாளும்."

எங்களிடம் வேறு சொல் இருக்கவில்லை.
கிழக்கு வெளுத்து,
கிடப்பவர்களின் முகம் தெரிந்த பிறகே
தாழ் விலகியது.

வந்தார்கள். எலும்பும் கண்ணுமாய்.
இருமரபர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.
ஒருவரும் பார்க்கவில்லை. எங்களைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்,
பகைவன் அடுப்பில் கிடந்த ஒடியற்கூழுக்கு.
சிரட்டை தேடப் பொறுமையில்லை, கையால் அள்ளினார்கள்.
கை வெந்தது. அழுதுகொண்டே குடித்தார்கள்.
அந்தக் குரலுக்குரியவள், மங்கிலி என்று யாரோ கூப்பிட்டார்கள்,
குடிக்கவில்லை. ஒவ்வொரு பானையாய்
எத்தனை பேருக்குக் காணும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கன் சேந்தன் செத்தவர்களின் மடி தடவினான்.
அது அவன் வேலை.
ஒரு மடியில் ஓலை நறுக்கு. வாசித்தான்.
திரும்பவும் வாசித்தான்.
எனக்கு எழுத்துத் தெரியாது,
அதனால்தானோ என்னவோ, எனக்குச் சொன்னான்:

"விடிந்ததும் கதவு திறக்கிறோம். ஒருவரையும் வெட்டவேண்டாம்.
பிள்ளைகளுக்கு வரகு ஏதேனும் தரவும்."

கோட்டைக்குள்ளிருந்து போன ஓலை. நேற்று மாலை. முத்திரையோடு.

"நாங்கள் தண்ணீரில் இறங்கி எவ்வளவு நேரம்?" என்றேன்.
"பத்து நாழிகை," என்றான். கணக்கன் அல்லவா.
பிறகு ஓலையைக் கூழ்ப்பானைக்குக் கீழே செருகினான்.
பனையோலை நன்றாய் எரியும்.
மங்கிலி அந்தப் பானையைக் கிளறினாள்.

பின்னேரம் தடி பிடுங்கப் போனேன்.
எண்பத்தொன்று இருந்தது.
ஒன்றில் கொடி கட்டிக் கோட்டைமேல் ஏற்றியிருந்தார்கள்.
நந்தி காற்றில் எந்தப் பக்கமும் பார்த்தது.
கேட்டால் தருவார்களோ தெரியாது.
மற்றதை இன்னும் தேடுகிறேன்.
பங்குனியோடு இறால் குறைந்துவிடும்,
தடி வெட்ட வேண்டும்,
சேறு மட்டும் முந்நூறு பேரின் காலடியை
இன்னும் மூடி முடிக்கவில்லை.