மூழ்காத துளி

மோதிர விரலை நீட்டினேன்.
ஊசி குத்தியதும் ஏறிய ரத்தத்தை
நீலக் கரைசலில் சொட்டினார் முகாம்காரர்.
மயில்துத்தம்டி, என்றாள் ஷாஹிதா,
வேதியியல்காரி.
கனமான ரத்தம் மூழ்கும்.
மூழ்கினால் படுக்கை, பழச்சாறு, சான்றிதழ்.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக
மூழ்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

என் துளி
ஒரு விரற்கடை இறங்கியது.
பிறகு, மறந்ததை எடுக்க வந்தவளைப் போல
திரும்பி மேலேறி
குன்றிமணியாக மிதந்தது.

"காலைல சாப்பிடறதில்லயாம்மா?"
இன்னொரு சொட்டை எந்திரத்தில் வைத்து
பேரேட்டில் எழுதிக்கொண்டார்:
எட்டு புள்ளி ஒன்று.

எப்படிச் சொல்ல?
எங்கள் மாடியில் முப்பத்தெட்டுப் பேர், மூன்று குளியலறை.
ஏழேகாலுக்கு உப்புமா, எட்டுக்கு மூடிவிடுவார்கள்.
வாளியோடு நின்றால் உப்புமா போச்சு,
தட்டோடு நின்றால் குளியல் போச்சு.
பக்கத்து பெஞ்சுக்காரி
என் வியர்வையைக் கண்டுபிடிப்பாள்.
பசியை எவள் மோந்து பார்த்தாள்?
இரண்டு வருஷமாக வாளிதான் ஜெயிக்கிறது.

மூன்றாவது வகுப்பு, பத்தேமுக்கால்.
கரும்பலகையில் சிக்மா
வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.
பாய்சான் பரவல் என்று எழுதுவார்கள்,
எனக்குப் பாயசம் என்று தெரியும்.
சிரிக்கவேண்டாம், நிஜம்.
எழுத்துகள் எறும்பாகி நகர
காதுக்குள் மாவு மில் ஓடும்.
உள்தேர்வில் ஐம்பதுக்குப் பதினேழு.
"கவனம் போதாது" என்று பச்சை மையில்.

அப்பா ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலையில்.
கிழங்குப் பால் தெளிகிற தொட்டியில்
முழங்கால் வரை வெள்ளை.
லீவுக்குப் போனால்
ஜவ்வரிசிக் கஞ்சி, ஜவ்வரிசி வடகம்,
ஜவ்வரிசி உப்புமா.
வயிறு நிறைந்துவிடும்.
நிறைவதும் ஊறுவதும் வேறுவேறு என்று
எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது,
எட்டு புள்ளி ஒன்று சொல்லும்வரை
எனக்கும்.

சாயங்காலம் மட்டும் நான் ராணி.
அக்ரஹாரத்து வண்டிக்கடையில்
தட்டுவடை செட்டு.
பீட்ரூட், கேரட், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி,
மேலே இன்னொரு தட்டுவடை மூடி.
ஒரே வாய்க்குள் நொறுங்கும் அந்தச் சத்தத்தை
எந்த டாக்டர் வந்தாலும் விடமாட்டேன்.
ஆனால் அதுதான்
அந்த நாளின் முதல் சாப்பாடு என்பதை
முகாமுக்கு அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன்.

கணக்கு என்றால் கணக்குதான்.
புள்ளியியல் படிக்கிறவள் வேறென்ன செய்வேன்?
ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு
அறை அறையாகக் கதவைத் தட்டினேன்.
காலையில் என்ன சாப்பிட்டாய்?
டீ. டீ. ஒன்றுமில்லை. டீ, ரெண்டு பிஸ்கட்.
விரதம், என்றாள் கனகப்பிரியா, கண்ணைத் தாழ்த்தி.
எந்த சாமிக்கு என்று நான் கேட்கவில்லை.
முப்பத்தெட்டில் இருபத்தாறு கட்டம் காலி.

மொட்டைமாடியில் உட்கார்ந்து கூட்டினேன்.
எதிரே ஏற்காட்டு மலைப்பாதை விளக்குகள்
மேலும் கீழுமாக ஒரு வரைபடம்,
எந்த அச்சுக்கும் அடங்காமல்.

வார்டன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பின்பக்கம் ஒன்றுமில்லை மேடம், என்றேன்.
உப்புமா எட்டேகால் வரைக்கும்.
புதன் ஒரு முட்டை,
வேண்டாதவர்களுக்கு அவித்த கொண்டைக்கடலை.
நாலாவது குளியலறை?
"ஃபைல் போயிருக்கு."

மாத்திரை விழுங்கினால் வாயில்
பழைய சாவியைச் சப்பிய ருசி.
அதற்கு மேல் டீ குடிக்காதே என்கிறாள் ஷாஹிதா,
குடித்துக்கொண்டே.

நேற்று பார்த்ததில் ஒன்பது புள்ளி ஆறு.
அந்த நீலத்தில் இன்னும் மிதப்பேன்தான்.
ஆனால் பத்தேமுக்காலுக்கு
சிக்மா வாயைப் பிளந்தது.
பிளந்துகொள், என்று
உள்ளே எண்களைப் போட்டேன்
ஒவ்வொன்றாக.